குறட்டை விடுவீர்களா என்றும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த நெஞ்செரிச்சல் கட்டுரையைப் படித்தேன். எண்ணெய்ப் பண்டம், புகை, மது எல்லாம் குறையுங்கள் என்று சொன்னது சரிதான். ஆனால் ராத்திரியில் மட்டும் எரிகிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அதில் இல்லை: குறட்டை விடுவீர்களா?

நான் நாலு வருஷம் அமில மாத்திரை சாப்பிட்டவன். நடுராத்திரியில் தொண்டை வரை புளிப்பாக ஏறும். மூச்சு முட்டி எழுந்து உட்காருவேன். வயிற்று மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினாரே தவிர, தூக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. என் குறட்டை வீட்டில் எல்லோருக்கும் வேடிக்கை, மனைவியைத் தவிர. குறட்டை கேட்கும்வரை அவள் நன்றாகத் தூங்குவாளாம். அது நின்றால்தான் திடுக்கிட்டு விழிப்பாளாம். மூச்சு திரும்பும்வரை இருட்டில் எண்ணிக்கொண்டே இருப்பாள்; ஒரு தடவை நாற்பது வரை போயிருக்கிறது. அதைக் கேட்ட பிறகுதான் தூக்கப் பரிசோதனைக்குப் போனேன். மணிக்கு 34 முறை மூச்சு தடைபடுகிறது என்று வந்தது. 30-ஐத் தொட்டாலே கடுமை என்றார்கள்.

தொண்டை அடைத்துக் கிடக்கும்போது நெஞ்சு காற்றுக்காக வலிந்து இழுக்கிறது. அப்போது வயிற்றில் இருப்பது மேலே வர வாய்ப்பு அதிகம். தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் விழுங்குவதும் குறைவு என்பதால், ஏறிய அமிலம் சீக்கிரம் இறங்காது. எல்லா எரிச்சலுக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. நெஞ்செரிச்சல், தூக்கத்தில் மூச்சுத் தடை இரண்டுக்கும் பொதுவான கூட்டாளி தொப்பை. அதுவும் எனக்கு உண்டு.

தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, தொண்டை அடைக்காமல் வைக்கும் சி-பேப் கருவி கொடுத்தார்கள். முதல் மாதம் படாதபாடு. காற்று வயிற்றுக்குள்ளும் போய், விடிந்தால் வயிறு உப்பிசம், ஏப்பம். எரிச்சல் முன்னைவிட அதிகம். பரண் மேல் போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். நல்லவேளை, தூக்க மருத்துவரிடம் சொன்னேன். அழுத்தத்தைச் சரிசெய்து, முகமூடியையும் மாற்றிக் கொடுத்தார். நாமாக அழுத்தத்தில் கைவைக்கக் கூடாது.

அப்புறம் தலையணை. மூன்று தலையணை அடுக்கினால் உடம்பு இடுப்பில் மடிந்து வயிறு இன்னும் அழுந்துகிறது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 சென்டிமீட்டர் உயரக் கட்டை வைத்தேன். உடம்பு மொத்தமும் சரிவாகக் கிடக்கிறது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அமிலம் அவ்வளவாக ஏறுவதில்லை. புரளும்போது கருவியின் குழாய் கழுத்தைச் சுற்றாமல் இருக்க, சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். படுக்க மூன்று மணி நேரம் முன்பே சாப்பாடு முடிந்துவிடும். இன்னொன்று, எனக்குக் கொடுத்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போட வேண்டுமாம். நானோ நாலு வருஷமும் படுக்கப் போகும்போது போட்டுக்கொண்டிருந்தேன்!

மாத்திரை இன்னும் முழுக்க நிற்கவில்லை; அளவு பாதியாகியிருக்கிறது. ராத்திரி எழுந்து உட்காருவது எப்போதாவதுதான்.

அடுத்த முறை நெஞ்செரிச்சல் பற்றி எழுதும்போது அந்தக் கேள்வியையும் சேருங்கள். மருத்துவரிடம் போகும்போது பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். என் குறட்டை நின்றதை எண்ணியது நான் இல்லையே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்