அம்மாவின் போன் நோட்டு

அன்புள்ள கண்ணு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், நானும் எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவேன். அதனால்தான் தபால்.

வீட்டை விற்றுவிட்டு புனேவுக்கே வந்துவிடுங்கள் என்று ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்குப் பதில் முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டை விற்கவில்லை. புனேவுக்கு வருகிறேன், தையும் மாசியும் இருந்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் சேலம் திரும்பிவிடுவேன். (டிக்கெட் நீ போட வேண்டாம். 2020 மார்ச்சோடு பெரியவர்களுக்கு ரயிலில் இருந்த சலுகை போய்விட்டது, ஆனாலும் என் பென்ஷன் தாங்கும்.) கோபப்படாதே. காரணம் கொஞ்சம் நீளம்.

அம்மா போனதும் ரெண்டு மாசம் வீட்டில் ஆள் ஓயவில்லை. மூணாம் மாசம் கதவைத் தட்டியது பால்காரரும் சிலிண்டர் போடுகிற பையனும்தான். எனக்கு ஆத்திரமாக வந்தது. முப்பத்தெட்டு வருஷம் இந்த ஊரில் டெலிபோன் லைன்மேன். அஸ்தம்பட்டியில் எந்த வீட்டு மாடி வழியாக எந்தக் கம்பி போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒரு கனெக்‌ஷனுக்கு வருஷக்கணக்கில் காத்திருந்த காலத்தில் எத்தனை பேர் "அண்ணா, அண்ணா" என்று சைக்கிளோடு கூடவே வந்தார்கள்! ஒருத்தனுக்கும் நினைப்பில்லையே என்று வாசலில் உட்கார்ந்து பொருமினேன்.

விஷயம் புரிய ஆறு மாசம் ஆனது. வந்தவர்கள் எல்லாரும் அம்மாவைப் பார்க்க வந்தவர்கள். நான் பேப்பரை மடக்காமல் "வாங்க" என்று சொன்ன ஆள், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் அவள் போன் நோட்டு கையில் கிடைத்தது. நகைக்கடைக்காரன் கொடுத்த பழைய டைரி, உனக்கு ஞாபகம் இருக்கும், முதுகில் பிளாஸ்திரி ஒட்டியிருப்பாள். நம்பர் மட்டும் இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். "குகை அக்கா: காபிக்குச் சர்க்கரை வேண்டாம்." "செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை வீடு: சின்னவளுக்கு ஆவணியில் பிரசவம், போய்ப் பார்க்கணும்." "அம்மாப்பேட்டை டீச்சர்: முட்டி ஆபரேஷன், படி ஏறச் சொல்லக்கூடாது." ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் கடைசியாக எப்போது பேசினாள் என்று பென்சிலில் ஒரு தேதி. லைன் டெஸ்டிங்குக்கு நாங்கள் ரெஜிஸ்டர் வைத்திருந்தது போல, அவளும் வைத்திருந்திருக்கிறாள். எந்த லைன் செத்துக் கிடக்கிறது என்று பார்த்துப் பார்த்து சரி பண்ணியிருக்கிறாள். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன்.

முதல் பக்கத்திலிருந்து போன் போட ஆரம்பித்தேன். எனக்கு என்ன பேசுவதென்றே தெரியவில்லை. ஒருத்தர் எடுத்தவுடன் "என்னங்க, பணம் ஏதும் முடையா?" என்றார். இன்னொரு வீட்டில் ஆளே போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்கிறது. நாலைந்து பேர் நன்றாகப் பேசினார்கள். அதில் ரெண்டு பேர் திரும்பக் கூப்பிட்டார்கள். கணக்கு அவ்வளவுதான், பெருமைப்பட ஒன்றுமில்லை.

நோட்டில் கண்ணங்குறிச்சி மாமா பேரும் இருந்தது. என் கூட கம்பம் ஏறினவர். 2009-இல் ஒரு மெமோ விஷயமாகப் பேச்சு நின்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவராக நினைத்துக்கொண்டார் என்று உங்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். உண்மை அதில்லை. பழுதான கேபிள் ஜாயின்ட்டைப் போட்டது அவர்தான் என்று அதிகாரியிடம் சொன்னது நான்தான். பழி என் மேல் வந்துவிடும் என்ற பயம். அவர் பேருக்குப் பக்கத்தில் அம்மாவின் தேதி, அவள் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு மூணு வாரம் முந்தினது. எனக்குத் தெரியாமல் அத்தனை வருஷமும் அந்த வீட்டோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நேரில் போனேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததை மெல்லச் சொன்னேன், தப்பு என்னுதுதான் என்று. "என்னது?" என்றார். காது போய்விட்டது அவருக்கு. மறுபடி சொன்னேன். "சத்தமாச் சொல்லு சாமி, மிஷினுக்கு பேட்டரி தீந்துபோச்சு." கடைசியில் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "அன்னைக்கு உன்னைப் போட்டுக் கொடுத்தது நாந்தான், மன்னிச்சுக்க!" என்று கத்தினேன். எதிர்வீட்டுப் பெண் குடத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். அவர் ரெண்டு கடலையை என் கையில் வைத்து, "அது தெரியும்டா. மேல சொல்லு" என்றார்.

இப்போது தினமும் காலை ஐந்தரைக்கு மூக்கனேரிக் கரையில் ரெண்டு பேரும் நடக்கிறோம். 2010 வாக்கில் ஊர்க்காரர்கள் சேர்ந்து தூர்வாரினார்களே, அப்போது ஏரிக்குள்ளே மண்ணைக் குவித்து மரம் வைத்த திட்டெல்லாம் இன்றைக்குப் பறவைக் காடாகிவிட்டது. அவருக்குக் காது கேட்காது, எனக்குத் தூரப் பார்வை மட்டு. நான் கேட்ட பறவையை அவர் கண்டுபிடித்துச் சொல்வார். தட்டுவடை செட் சாப்பிடுவது வாரத்துக்கு ஒருநாள், ஞாயிறு சாயங்காலம் மட்டும். அவருக்குப் பல் இல்லாததால் நொறுக்கல். சர்க்கரை ரிப்போர்ட்டில் அது தெரியாது, பயப்படாதே.

மாப்பிள்ளை அனுப்பிய வாட்ச் பற்றி. பத்தாயிரம் காலடி ஆகவில்லை என்று சாயங்காலமானால் கையில் உதறுகிறது. அந்தப் பத்தாயிரம் எந்த டாக்டரும் சொன்ன கணக்கில்லை. 1965-இல் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணுகிற மிஷினுக்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பேர் வைத்தது, அதிலிருந்து வந்தது என்று படித்தேன். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150-லிருந்து 300 நிமிஷம் ஓரளவு வேகமான நடை. 65 தாண்டியவர்களுக்கு, விழாமல் இருக்க, தடுமாற்றம் குறைக்கிற பயிற்சியும் வாரம் மூணு நாளாவது. அதற்குத்தான் பால் பொங்குகிற வரைக்கும் அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறேன். சிரிக்காதே. போன மாசம் ஏற்காட்டில் அது கைகொடுத்தது. 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் ஏறி, சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போனோம். உள்ளே மாமா எழுந்திருக்க முடியாமல் என் தோளைப் பிடித்தார், நான் அசையவில்லை. திரும்பும்போது, மழையில் மரம் விழுந்து லைன் அறுந்தால் நாங்கள் ஏணியோடு ஏறின இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். கம்பம் ஒன்றுகூட இல்லை. சில்வர் ஓக்கில் மிளகுக் கொடிதான் ஏறிக் கிடக்கிறது.

அதோடு மாப்பிள்ளை அனுப்பிய வீடியோவையும் முழுசாகப் பார்த்தேன். ஹார்வர்டில் 1938-இல் ஆரம்பித்த ஆராய்ச்சி, முதலில் எடுத்துக்கொண்டது 724 பேர், அத்தனையும் ஆம்பளைகள். 80 வயதில் யார் நன்றாக இருப்பார்கள் என்பதை 50 வயதில் எடுத்த கொலஸ்ட்ரால் சொல்லவில்லையாம், அந்த வயதில் மனுஷர்களோடு எவ்வளவு நிறைவாக இருந்தார்கள் என்பதுதான் சொன்னதாம். நீ மூணு மாசத்துக்கு ஒருதரம் என் கொலஸ்ட்ரால் கேட்கிறாய். இந்த வாரம் யாரோடு பேசினீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை, நான் உங்கம்மாவைக்கூட அப்படிக் கேட்டதில்லை.

புனேவில் எனக்கு ஒரு குறையும் வராது என்று தெரியும். தனி அறை, லிஃப்ட், கீழே பார்க். ஆனால் அங்கே என்னைப் 'போட்டுக் கொடுத்தவன்' என்று தெரிந்தும் கடலை கொடுக்கிற ஆள் இல்லை. அப்படி ஒருத்தரைச் சேர்க்க இனி இன்னொரு முப்பது வருஷம் வேண்டும்.

உனக்கும் ஒன்று. நோட்டில் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் உன் பள்ளிக்கூடத் தோழி பேர் இருந்தது, ஏழாவதிலிருந்து உன்னோடு ஒரே சைக்கிளில் வந்தவள். அம்மா எழுதியிருந்தது: "ரெண்டு பேரும் பேசறதில்லை, கேட்டா ஒண்ணுமில்லைங்கறா." நேற்று நானே போன் போட்டேன். என்ன நடந்தது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆத்தூரில் இருக்கிறாள். பையனுக்கு நாலு வயசு, ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுவானாம். அதற்கு மேல் எப்போது வேண்டுமானாலும் பேசலாம் என்றாள். அவள் நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா