மாடி வெளிச்சத் திறப்பு: சிலிகான் பூசிக் காலம் தள்ளுவது எதுவரை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. ஹார்டுவேர் கடைகளில் சிலிகான் டியூப் வேகமாக விற்கும் பருவம் இது. மாடிப்படி உச்சியிலும் கூடத்தின் நடுவிலும் ஓ.டி.எஸ். எனப்படும் வானம் பார்த்த குழியின் மேலும் பாலிகார்பனேட் ஷீட்டோ கண்ணாடியோ போட்டு வெளிச்சம் எடுத்த வீடுகளில், ஒழுகிய இடத்தில் ஒரு டியூபைப் பிதுக்கிவிட்டு அடுத்த ஐப்பசி வரை மறந்துவிடுகிறார்கள். பழைய சிலிகான்மேல் புதுச் சிலிகான் ஒட்டாது. அடுக்கடுக்காகப் பூசினால் இடையில் தண்ணீர் தேங்கி, ஒழுகல் இன்னோர் இடத்தில் தலைகாட்டும். இந்தத் திறப்புகளை எப்போது மாற்றுவது, எப்படி மாற்றுவது என்பதைத் தங்கள் வாசகர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், ஒழுகினாலே ஷீட் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். தண்ணீர் பல சமயம் ஷீட் வழியாக வருவதில்லை. திறப்பைச் சுற்றியுள்ள கட்டைச்சுவரும் தளமும் சேரும் மூலையில் விழுந்த விரிசல் வழியாகத்தான் வருகிறது. ஷீட்டை மாற்றியும் ஒழுகல் நிற்கவில்லை என்று புலம்பும் வீடுகளில் காரணம் பெரும்பாலும் இதுவே. சோதிக்க ஒரு தோட்டத்து ஹோஸ் போதும். ஒருவர் உள்ளே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் மேலே கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட வேண்டும். முதலில் தளமும் கட்டைச்சுவரும் சேரும் இடத்தில் மட்டும் 15 நிமிடம், பிறகு சுவரின் பக்கங்களில், பிறகு ஷீட்டின் கீழ் விளிம்பில், கடைசியாக ஸ்க்ரூ தலைகளிலும் இணைப்புகளிலும். எந்தக் கட்டத்தில் உள்ளே சொட்டுகிறதோ அங்கேதான் கோளாறு. எடுத்த எடுப்பிலேயே மேலே தண்ணீர் ஊற்றினால் எல்லாம் நனைந்து எதுவும் விளங்காது. திறப்பின் உட்புறச் சுவரில் உப்புப் பூத்திருந்தாலும் சந்தேகம் கட்டைச்சுவர் மேல்தான் போக வேண்டும். குளியலறைக்கு மேலுள்ள திறப்பில் மார்கழிக் காலையில் மட்டும் துளிகள் தொங்கினால் அது வெந்நீர் ஆவி. காற்றுப் போக வழிவிட்டால் சரியாகிவிடும்.

ஷீட்டே மூப்படைந்துவிட்டதா என்பதற்குத் தனி அடையாளங்கள் உண்டு. பாலிகார்பனேட் ஷீட்டின் பொதுவாக ஒரு பக்கத்தில் மட்டும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மெல்லிய படலம் இருக்கும். அந்தப் பக்கம் வானம் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் நல்ல ஷீட்டும் சில ஆண்டுகளிலேயே மஞ்சளித்து நொறுங்கத் தொடங்கும். சரியாகப் போட்டதற்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகத் தரும் உத்தரவாதம் 10 ஆண்டு. அந்த வயதைத் தாண்டி, நிறம் மஞ்சளாகி, ஸ்க்ரூக்களைச் சுற்றி மயிரிழைக் கீறல்கள் நட்சத்திரம் போல ஓடியிருந்தால் இனி ஒட்டுப்போடுவதில் பயனில்லை. ஐந்து ஆண்டுக்குள் ஒழுகினால் ஷீட்டைக் குறை சொல்லாதீர்கள், பொருத்தியதில்தான் பிழை. ஃபைபர் ஷீட்டில் மேல்பூச்சு தேய்ந்து கண்ணாடி இழைகள் கையில் குத்தினால் அதன் காலம் முடிந்தது. பழைய கம்பிக் கண்ணாடியில் விளிம்பு வழியே ஈரம் ஏறிக் கம்பி துருப்பிடித்து, அந்தத் துரு பருத்து, கண்ணாடியைப் பிளக்கும். இரண்டு கண்ணாடிகளை நடுப்படலத்தால் ஒட்டிய லேமினேட் கண்ணாடியில் ஓரத்திலிருந்து வெண்படலம் உள்நோக்கிப் பரவினால், சட்டத்துக்குள் தண்ணீர் தேங்குகிறது என்று பொருள்.

இரும்புச் சட்டத்தையும் விட்டுவிடக் கூடாது. பெயின்ட் கொப்பளித்த இடத்தில் சுத்தியலால் தட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர் முனை உள்ளே இறங்கினால் சட்டத்தையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பழைய சட்டத்தில் புது ஷீட் போடுவது உளுத்த வாசக்காலில் புதுக் கதவு மாட்டுவது போலத்தான்.

இதையெல்லாம் ஏணியில் நின்றுதான் பார்க்க வேண்டும். ஷீட் மேல் ஒருபோதும் கால் வைக்கக் கூடாது. வெயிலில் பத்தாண்டு காய்ந்த ஷீட் ஓர் ஆளின் எடையைத் தாங்காது. தண்ணீர்த் தொட்டி கழுவ வருபவர், சோலார் பலகை துடைக்க வருபவர், பட்டம் எடுக்க ஏறும் பிள்ளைகள் ஆகியோருக்கு இது தெரியாது. திறப்புக்குக் கீழே, கம்பிகளுக்கு இடையே 10 செ.மீ. இடைவெளி உள்ள இரும்புக் கிரில் கட்டாயம் வேண்டும். திருடனுக்காக என்று நினைத்துத்தான் கிரில் வைக்கிறோம். உண்மையில் அது தவறி விழுபவரைக் காப்பாற்றும் பொருள்.

மாற்றும் வேலைக்கு உகந்த காலம் தை முதல் பங்குனி வரை. தளம் காய்ந்திருக்கும், பூச்சுகள் பிடிக்கும், கோடை மழைக்குள் குறை தெரிந்து திருத்தவும் அவகாசம் இருக்கும். மாடித் தளத்துக்கு வாட்டர் புரூஃபிங் செய்யும் எண்ணம் இருந்தால் இரண்டையும் ஒரே சமயத்தில் முடிப்பதே நல்லது. வரிசை முக்கியம்: முதலில் கட்டைச்சுவர், அடுத்து நீர்த்தடுப்புப் பூச்சு, பிறகு சட்டம், கடைசியில் ஷீட். ஷீட்டைப் போட்டுவிட்டு அதன் அடியில் தூரிகையை நுழைத்துப் பூச்சு பூசுவது பல இடங்களில் நடக்கிறது. அந்தப் பூச்சு பேருக்குத்தான்.

கட்டைச்சுவர், முடிந்த தளத்துக்கு மேல் குறைந்தது 15 செ.மீ. உயர வேண்டும். தண்ணீர் தேங்கும் மாடியாக இருந்தால் 30 செ.மீ. வைத்துவிடலாம். தட்டோடு பதித்த பிறகு எஞ்சும் உயரம்தான் கணக்கு. பழைய தளத்தின் மேலேயே புதுத் தளம் போட்டுப் போட்டு, 15 செ.மீ. சுவர் 5 செ.மீ. ஆன வீடுகள் ஏராளம். செங்கல் சுவராக இருந்தால் அதன் தலையில் 10 செ.மீ. கனத்துக்கு 8 மி.மீ. கம்பி வைத்துக் கான்கிரீட் பட்டை போட வேண்டும், ஏனென்றால் செங்கலில் அடித்த ஆங்கர் போல்ட் காற்றின் இழுப்புக்குப் பிடுங்கிக்கொள்ளும். சுவரும் தளமும் சேரும் மூலையைக் கலவையால் சரிவாக நிரப்பி, ஃபைபர் வலை பதித்து, நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு கைகளாகச் சுவரின் உச்சிவரை ஏற்றிப் பூச வேண்டும். தளத்தோடு நிறுத்திவிட்டால் செய்த வேலை வீண். காய்ந்தபின் தண்ணீரைக் கட்டி இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டே சட்டத்துக்குப் போக வேண்டும்.

இனி காற்று. கட்டடங்கள் தாங்க வேண்டிய காற்று விசைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர் என்றும் மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டர் என்றும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. 50 மீட்டர் என்பது மணிக்கு 180 கி.மீ. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் மேல் ஏறத்தாழ 150 கிலோ விசை விழும். 39 மீட்டர் என்றாலும் 90 கிலோவுக்குக் குறையாது. கூரையில் அது பெரும்பாலும் அழுத்தாது, உறிஞ்சித் தூக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையேறியதைச் சென்னையில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நான்கடிக்கு ஆறடித் திறப்பை உதாரணமாக எடுத்துக்கொள்வோம், அதாவது 1.2 மீட்டருக்கு 1.8 மீட்டர். சுவர்க் கனம் 10 செ.மீ., சுற்றிலும் 5 செ.மீ. வெளிநீட்டம் என்றால் மூடி 1.5 மீட்டருக்கு 2.1 மீட்டர் வரும். உள்ளே குழல்கள் ஓடும் பலசுவர் பாலிகார்பனேட் ஷீட் 2.1 மீட்டர் அகலத்தில் கிடைக்கிறது என்பதால் நடுவில் இணைப்பே இல்லாமல் ஒரே துண்டில் முடியும். இணைப்பில்லாத கூரையில் ஒழுக வழியும் குறைவு. 10 மி.மீ. இரட்டைச்சுவர் ஷீட் சதுர மீட்டருக்கு 1.7 கிலோதான். முழு மூடியும் ஐந்தரைக் கிலோவைத் தாண்டாது. சென்னைக் காற்று அதைத் தூக்கும் விசை 470 கிலோ. எனவே சட்டம் இரும்பாகவும் நன்கு பிடித்ததாகவும் இருக்க வேண்டும். 40-க்கு 40 மி.மீ. அளவில், 2 மி.மீ. கனச் சதுர பைப்பில் சுற்றுச் சட்டமும், சரிவுத் திசையில் இரண்டு நடுக் கட்டைகளும் வைத்தால் தாங்கல்களுக்கு இடையே 70 செ.மீ.க்குக் குறைவாக அமையும். 20 அடிக் குழாய் இரண்டு போதும். கான்கிரீட் பட்டையில் 10 மி.மீ. ஆங்கர் போல்ட் எட்டு.

சரிவில்தான் பலர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். மீட்டருக்கு 9 செ.மீ. என்பது தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்சம். நம் ஊர்த் தூசிக்கும் வேப்பிலைச் சருகுக்கும் அது போதாது. சுவர்க் கனத்தையும் சேர்த்து வரும் இந்த 1.4 மீட்டர் தூரத்துக்கு 25 செ.மீ. உயர்த்திவிட்டால் மழையே கழுவிவிடும். ஷீட்டுக்குள் ஓடும் குழல்கள் சரிவுத் திசையில் நிற்க வேண்டும். குறுக்கே போட்டால் உள்ளே நீர் தங்கிப் பாசி பிடிக்கும், அதை எந்தத் துணியாலும் துடைக்க முடியாது. அறுத்ததும் குழல்களுக்குள் விழுந்த தூளைக் காற்றடித்து வெளியேற்றி, மேல்முனையை அலுமினியம் டேப்பாலும் கீழ்முனையை நுண்துளை டேப்பாலும் மூடி, அதன்மேல் யு வடிவப் பட்டையைச் செருக வேண்டும். கீழ்முனையையும் அலுமினியம் டேப்பால் அடைத்தால் உள்ளே கசிந்த ஈரம் வெளியேற வழியிருக்காது. டேப்பே ஒட்டாமல் விட்டால் எறும்பு குடியேறும்.

சூட்டுக்கு விரிவதுதான் இந்தப் பொருளின் பெரிய குணம். ஒரு மீட்டர் பாலிகார்பனேட் ஒரு டிகிரிக்கு 0.065 மி.மீ. விரியும், இரும்பு 0.012 தான். விடியலுக்கும் உச்சிவெயிலுக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்று கொண்டால் நம் 2.1 மீட்டர் ஷீட் ஐந்தரை மி.மீ. விரிகிறது, அடியிலுள்ள இரும்பு ஒரு மி.மீ. நாள்தோறும் நடக்கும் இந்த இழுபறியில் ஸ்க்ரூ ஓட்டை இறுக்கமாக இருந்தால் ஷீட் அலையலையாகப் புடைக்கும், இல்லையேல் கீறும். எனவே 5.5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 8 அல்லது 9 மி.மீ. ஓட்டை போட்டு, மேலே 25 மி.மீ.க்குக் குறையாத அகல இ.பி.டி.எம். (வெயில் தாங்கும் ரப்பர்) வாஷரால் மூட வேண்டும். 30 செ.மீ.க்கு ஒன்று வீதம் இந்த அளவுக்கு 24 வரும், 30 வாங்கிக்கொள்ளலாம். வாஷர் லேசாக அமர்ந்ததும் நிறுத்த வேண்டும். டிரில்லை முழு வேகத்தில் ஓட்டிக் குழிவிழ இறுக்கினால் அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும். மார்கழிக் குளிரில் பொருத்தினால் ஓரத்தில் விரிய இடம் அதிகம் விட வேண்டும், சித்திரை நண்பகலில் என்றால் ஷீட் ஏற்கெனவே விரிந்திருக்கும்.

சிலிகான் தேவைப்படும் இடத்தில் நியூட்ரல் வகை மட்டுமே. மலிவாகக் கிடைக்கும், வினிகர் நெடி வீசும் வகை பாலிகார்பனேட்டைக் கீறச் செய்யும், துத்தநாகப் பூச்சையும் அரிக்கும். பி.வி.சி. ரப்பர் பட்டையும் கூடாது. சட்டத்துக்கு அடித்த பெயின்ட் முழுதும் உலர்ந்த பிறகே ஷீட் ஏற வேண்டும், தின்னர் ஆவியும் அதற்கு ஆகாது. சட்டத்தின் மேல் முகத்துக்கு வெள்ளை அடித்தால் அந்த இடத்தில் ஷீட் குறைவாகச் சூடேறும். பொருத்தி முடித்த அன்றே பாதுகாப்பு பிலிமை உரித்துவிடுங்கள். 'அழுக்காகாமல் இருக்கட்டும்' என்று விட்டால் வெயிலில் ஒட்டிக்கொண்டு பிறகு நகத்தால் சுரண்டினாலும் வராது. கழுவ சோப்புத் தண்ணீரும் மென்துணியும் போதும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம்.

கண்ணாடிதான் வேண்டும் என்பவர்கள் தலைக்கு மேல் வெறும் டஃபன்டு கண்ணாடியை, அதாவது சூடேற்றிச் சட்டெனக் குளிர்வித்து உறுதியாக்கிய ஒற்றைக் கண்ணாடியை, வைக்கக் கூடாது. அதனுள் சிக்கிய நிக்கல் சல்ஃபைடு துகளால் அது யாரும் தொடாமலே ஒருநாள் வெடித்துக் கொட்டக்கூடும். லேமினேட் ஆனது உடைந்தாலும் நடுப்படலத்தில் தொங்கி நிற்கும். 6 மி.மீ. கண்ணாடி இரண்டுக்கு நடுவே 1.52 மி.மீ. படலம் என்பது வழக்கமான அளவு. சதுர மீட்டருக்கு 31 கிலோவுக்கு மேல். நம் உதாரணத் திறப்புக்கு மொத்தம் 100 கிலோ வரும் என்பதால் இரண்டு துண்டாக்கி, சட்டத்தையும் அதற்கேற்பக் கனமாக்க வேண்டும். மூலையில் பாதுகாப்புக் கண்ணாடிக்கான ஐ.எஸ். 2553 முத்திரை பாருங்கள். லேமினேட்டில் டஃபன் செய்த கண்ணாடி இருந்தால் அதைப் பிறகு ஒரு மி.மீ. கூட அறுக்க முடியாது. சட்டம் பொருத்திய பின்பே அளவெடுக்கச் சொல்லுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சித்திரையிலும் ஆவணியிலும் சூரியன் நம் உச்சிக்கு நேராக வரும் நாடு இது, தெளிவான ஷீட் கூடத்தை அடுப்பாக்கும். பால்வெள்ளை ஓபல் போதும். நீலமும் பச்சையும் வேண்டாம், அந்த வெளிச்சத்தில் இலையில் போட்ட சோறும் வேறு நிறம். எந்த ஷீட்டானாலும் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உயரமான பக்கத்தில் 15 செ.மீ. இடைவெளி விட்டு லூவரும் (சாய்வுப் பட்டை அடைப்பு) கொசுவலையும் அடித்தால் சூடான காற்று தானே வெளியேறும்.

முற்றம் வைத்த ஓட்டு வீடுகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. நான்கு தாழ்வாரங்களின் ஓடும் உள்நோக்கிச் சரிந்திருக்க, முற்றத்தை மட்டும் மூடினால், மூடியில் விழும் மழை ஓட்டில் இறங்கி மறுபடி முற்றத்துக்குள்ளேயே வரும். 'மூடியும் ஒழுகுகிறது' என்ற புகாரின் ரகசியம் இதுதான். ஓட்டு விளிம்பின் நான்கு பக்கமும் தகரக் கால்வாய் கட்டி, குழாய் வழியாக மழைநீர்த் தொட்டிக்கு இறக்கிய பிறகே மூடியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

தங்கள் நாளிதழ் வழியாகக் கட்டுநர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டை ஒப்படைக்கும்போது மின்சார வரைபடம் தருவது போல, வெளிச்சத் திறப்பில் போட்ட ஷீட்டின் தயாரிப்பு, தடிமன், பொருத்திய மாதம், ஆங்கர் போல்ட் அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பத்தாண்டு கழித்து மாற்ற வருபவர் ஊகத்தில் வேலை செய்ய வேண்டியிராது.

இந்த மழைக்குள் மாற்ற நேரமில்லாத வீடுகளில், பழைய ஷீட்டின் மேல் நல்ல கனத் தார்ப்பாயைச் சரிவின் உயரப் பக்கத்திலிருந்து இறக்கிக் கட்டைச்சுவரையும் மூடுமாறு போர்த்தி, நைலான் கயிற்றால் இரும்புச் சட்டத்தோடு நாற்புறமும் கட்டி, தளத்தில் மணல் மூட்டை வைத்து அழுத்துங்கள். செங்கல்லை ஷீட் மேல் வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கட்டடப் பணி மேற்பார்வையாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.