பார்மட் செய்தால் அழிந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகளைச் சிலர் கடையில் தள்ளிவிடுகிறார்கள், சிலர் பள்ளிக்கோ கோயிலுக்கோ கொடுக்கிறார்கள். பினாங்கு லோரோங் கூலிட் காலைச் சந்தையில் தரையில் பரப்பி விற்கும் பழைய சாமான்களிலும் இப்படிப்பட்டவை உண்டு. கொடுப்பவரைக் கேட்டால் "பார்மட் பண்ணியாச்சு, உள்ளே ஒன்றும் இல்லை" என்ற பதில்தான் வருகிறது. அந்த நம்பிக்கையில்தான் அடையாள அட்டை நகல், கடப்பிதழ்ப் பக்கம், சேமநிதி அறிக்கை, வருமான வரிப் பாரம் எல்லாம் வேறு கைக்குப் போகின்றன. கடன் அட்டை எண் கசிந்தால் வங்கி புது எண் தரும். அடையாள அட்டை எண் பிறந்த தேதியோடு சேர்ந்து வருவது; அதை அப்படி மாற்றிக்கொள்ள முடியாது.

கோப்பை டிலீட் செய்து ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும் விண்டோஸ் கைவைப்பது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியலில் மட்டும்தான். "இந்த இடம் காலி" என்று குறித்துக்கொள்ளும். அங்கே எழுதியிருப்பது அப்படியே கிடக்கும். குயிக் பார்மட் பழைய பட்டியலுக்குப் பதிலாகப் புதுப் பட்டியல் போடுகிறது, அவ்வளவுதான். 500 ஜிபி ஹார்டிஸ்க் சில விநாடிகளில் முடிந்துவிடுகிறதே, அதிலேயே தெரிய வேண்டாமா? அழித்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இந்தப் பட்டியலைத் தேடிப் போவதே இல்லை. வட்டைத் தலையிலிருந்து வால்வரை படித்துக்கொண்டே போகும். எஃப்எஃப் டி8 என்ற குறியீட்டில் தொடங்கும் துண்டு கண்ணில் பட்டால் அது ஜேபெக் படம் என்று எடுத்து வைத்துவிடும். படத்தின் பெயர் தொலைந்திருக்கும், படம் இருக்கும். அடையாள அட்டையின் முன்பக்கத்துக்குப் பெயர் எதற்கு?

அழிப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. ஒன்டிரைவ் போன்ற மேகச் சேமிப்பு இணைந்திருக்கும் கணினியில் படங்களைக் கையால் டிலீட் செய்தால் மேகத்திலிருந்தும் மற்றச் சாதனங்களிலிருந்தும் சேர்ந்தே போய்விடும். முதலில் கணக்கிலிருந்து வெளியேறி இணைப்பைத் துண்டியுங்கள், வேண்டியவற்றை வேறு வட்டில் நகலெடுத்துத் திறந்து பாருங்கள். பிறகு உள்ளே இருப்பது சுழலும் ஹார்டிஸ்க்கா, சுழலாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியா என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் வட்டின் பெயருக்குக் கீழேயே அது போட்டிருக்கும். இரண்டுக்கும் வழி வேறு.

சுழலும் வட்டுக்கு ஒரே ஒருமுறை, ஆனால் வட்டு முழுவதும், பூச்சியத்தை எழுதினால் போதும். 35 முறை எழுத வேண்டும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். 1996இல் பீட்டர் குட்மன் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்த எண் அது. அந்தக் காலத்துப் பலவகை வட்டுகளுக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு. இன்றைய வட்டுக்கு அத்தனையும் தேவையில்லை என்று அவரே பின்னர் எழுதிவிட்டார். 35 முறை ஓடவிட்டால் நாள்கணக்கில் இழுக்கும். பொறுமையிழந்து நடுவில் நிறுத்துபவர்தான் அதிகம்.

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் வட்டை அதற்குள்ளிருந்தே அழிக்க முடியாது. 8 ஜிபிக்குக் குறையாத பென்டிரைவில் விண்டோஸ் நிறுவல் கோப்புகளை ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். முதல் திரை வந்ததும் ஷிப்ட், எஃப்10 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கறுப்புக் கட்டளைச் சாளரம் வரும். 'டிஸ்க்பார்ட்' என்று தட்டி, அடுத்து 'லிஸ்ட் டிஸ்க்'. இங்கேதான் நிதானம் வேண்டும். பென்டிரைவும் வட்டும் ஒரே பட்டியலில் நிற்கும், அளவை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். 500 ஜிபி வட்டு 465 என்றும், 1 டிபி 931 என்றும் காட்டும். வெளியில் செருகியிருக்கும் மற்ற வட்டுகளை முன்கூட்டியே கழற்றிவிடுவது நல்லது. சரியான எண்ணைப் பார்த்து 'செலக்ட் டிஸ்க் 0' என்றோ 1 என்றோ தேர்ந்தெடுத்து, 'கிளீன் ஆல்' என்று தட்டுங்கள். வெறும் 'கிளீன்' என்றால் பிரிவினைத் தகவல் மட்டும்தான் போகும். 'ஆல்' சேர்த்தால்தான் வட்டு முழுவதும் பூச்சியம் எழுதப்படும். "உறுதியா?" என்று ஒரு வார்த்தை அது கேட்காது. என்டர் தட்டினால் தட்டியதுதான்.

அதன்பின் திரையில் ஒன்றும் அசையாது. எத்தனை சதவிகிதம் முடிந்தது என்று டிஸ்க்பார்ட் காட்டுவதில்லை. கணினி நின்றுவிட்டது என்று நினைத்துச் சுவிட்சை அணைத்துவிடுவது இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு. மடிக்கணினியின் 500 ஜிபி வட்டுக்கு ஒன்றரையிலிருந்து 2 மணி நேரம், மேசைக் கணினியின் 1 டிபி வட்டுக்கு 2, 3 மணி நேரம் ஆகலாம். வட்டைக் கழற்றிப் பழைய யுஎஸ்பி 2.0 வழியாகச் செய்தால் 500 ஜிபிக்கே 4, 5 மணி நேரம். சார்ஜரைச் செருகி வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். விண்டோஸ் இல்லாத கூடுதல் வட்டுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். பார்மட் பெட்டியில் 'குயிக்' என்ற குறியை எடுத்துவிட்டு ஓடவிட்டால் போதும். விண்டோஸ் விஸ்டா முதல் அது பூச்சியம் எழுதுகிறது. எக்ஸ்பியில் அப்படி இல்லை.

முடிந்தபின் வட்டை வேறு கணினியில் மாட்டி, எழுதியிருப்பதை அப்படியே காட்டும் எச்எக்ஸ்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து, தொடக்கம், நடு, கடைசி மூன்றையும் பாருங்கள். 00 தவிர வேறெதுவும் கண்ணில் படக்கூடாது. வட்டின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் மஞ்சள் நிறத்தில் 'காஷன்' (எச்சரிக்கை) என்று காட்டி, ரீஅலொகேட்டட் செக்டர் (ஒதுக்கப்பட்ட பகுதி) எண்ணிக்கையும் ஏறியிருந்தால் கதை வேறு. கெட்டுப்போன பகுதிகளை வட்டு தானே ஒதுக்கி வைத்துவிடும். எழுதும் பூச்சியம் அங்கே போய்ச் சேராது, பழைய தகவல் அங்கேயே தங்கியிருக்கக்கூடும். அந்த வட்டை விற்காதீர்கள், உடையுங்கள்.

எஸ்எஸ்டி இன்னும் பிடிகொடுக்காது. சிப்புகள் சீராகத் தேய வேண்டும் என்பதற்காக, நாம் எழுதச் சொல்லும் இடத்தில் எழுதாமல் அது ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் எழுதும். கணினியின் கண்ணுக்குத் தெரியாத உபரி இடமும் உள்ளே உண்டு. ஆகவே மேலெழுதியது எல்லா இடத்தையும் தொட்டது என்று அடித்துச் சொல்ல முடியாது. உன்னையே முழுதாக அழித்துக்கொள் என்று வட்டுக்கே உத்தரவிடும் செக்யூர் இரேஸ்தான் சரியான வழி. அலுவலகங்களுக்கென்று வரும் எச்பி, டெல், லெனோவோ மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயோஸ் அமைப்புப் பட்டியலிலேயே அது இருக்கிறது. டெல் அதை டேட்டா வைப் என்கிறது. இல்லையென்றால் வட்டுத் தயாரிப்பாளரின் சொந்த மென்பொருளைத் தேடுங்கள். யுஎஸ்பி அடாப்டரில் மாட்டிச் செய்யப் பார்த்தால் பெரும்பாலும் உத்தரவு வட்டுக்குப் போய்ச் சேராது. தாய்ப்பலகையில் நேரடியாக மாட்டுங்கள்.

அதுவும் முடியாத வீட்டுக் கணினியில் வட்டை மறையாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரை முழு வட்டுக்கும் போட்டு முடித்து, பிறகு 'ரீசெட் திஸ் பிசி'யில் எல்லாவற்றையும் நீக்கச் சொல்லுங்கள். 'சேஞ்ச் செட்டிங்ஸ்' உள்ளே போய் 'கிளீன் டேட்டா'வை இயக்க மறக்கக்கூடாது. அது தானாக இயங்காது. பிட்லாக்கர் கேட்கும்போது 'பயன்படுத்திய இடம் மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் முன்பு டிலீட் செய்தவை மறையாக்கம் ஆகாமல் தப்பிவிடும். விண்டோஸ் 10 ஹோம் பதிப்பில் பிட்லாக்கர் கிடையாது, அங்கே அதே வேலையைச் செய்யும் வெராகிரிப்ட் மென்பொருள் உதவும்.

சுழலாத, உயிர்விட்ட வட்டில் எதையும் எழுத முடியாது. அதனால் அது பத்திரம் என்று குப்பையில் போடுகிறார்கள். செத்தது வட்டின் மின்சுற்றுப் பலகையாக இருந்தால் அதைச் சரிசெய்து தகவலை எடுத்துவிடலாம். தண்ணீரில் ஊறப்போடுவது, ஃபிரிட்ஜ் காந்தத்தை மேலே தேய்ப்பது எல்லாம் வீண் வேலை. மேசைக் கணினி வட்டை டி8 டார்க்ஸ் எனும் நட்சத்திர முனைத் திருப்புளியால் திறக்கலாம். எல்லாத் திருகையும் கழற்றியும் மூடி வரவில்லையென்றால் ஸ்டிக்கருக்கு அடியில் ஒன்று ஒளிந்திருக்கும். உள்ளிருக்கும் தட்டுகளில் மூன்று, நான்கு துளை போட்டு வளைத்துவிடுங்கள். மடிக்கணினி வட்டில் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. தடித்த துணியில் சுற்றி, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உடைக்க வேண்டும். இரண்டரை அங்குல எஸ்எஸ்டியின் நடுவில் துளை போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பல மாடல்களில் அந்தப் பெட்டி பாதி காலி. துளை வெறும் காற்றில் போயிருக்கும். திறந்து, கறுப்புச் சிப் ஒவ்வொன்றையும் உடைத்தால்தான் வேலை முடியும்.

டியூஷன் நிலையங்கள், பயண முகவர்கள், கிளினிக்குகள் இதை விருப்பம்போல் விட்டுவிட முடியாது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, தேவை முடிந்த தரவை அழித்துவிட வேண்டும் அல்லது நிரந்தரமாக நீக்க வேண்டும் என்கிறது. 2024 திருத்தம் உச்ச அபராதத்தை 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக உயர்த்தியது. கணினியைக் கைமாற்றும்போது வட்டின் வரிசை எண், அழித்த தேதி, வழி, அழித்தவர் பெயர் நான்கையும் ஒரு தாளில் எழுதி வைப்பது பெரிய வேலையல்ல. சட்டம் எட்டாத சிறு சங்கங்களும் இதைச் செய்யலாம், உறுப்பினர் பாரங்கள் அவர்களிடமும் இருக்கின்றன.

வாடகைக்கு எடுத்த பெரிய ஃபோட்டோஸ்டாட் இயந்திரங்கள் பலவற்றிலும் ஹார்டிஸ்க் உண்டு, ஸ்கேன் செய்த அடையாள அட்டைகள் அதில் தங்கிவிடக்கூடும். ஒப்பந்தம் முடிந்து இயந்திரம் திரும்பப் போகும் முன், வட்டை அழித்துத் தருவார்களா, கழற்றிக் கொடுப்பார்களா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்புத் தொழிலில் உள்ள வாசகர்கள்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு