செயலாளர் ஆண்டறிக்கை: அக்கா இல்லாத ஆண்டு

நம் நாய் வளர்ப்போர் சங்கத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்கள், நிகழ்ச்சிகள், கணக்கு என்ற வரிசையில்தான் ஒவ்வோர் ஆண்டும் அறிக்கை எழுதுவேன். இந்த முறை மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று. எந்தத் தலைப்பைத் தொட்டாலும் அது காலமான நம் அக்காவிடம் போய் நிற்கிறது. சரி, வரிசை கலைந்தால் கலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டம் சமூக மன்றத்தில் நடந்தது. அறை கிடைக்காத இரண்டு மாதங்களில் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே திறந்து கிடக்கும் வெற்றுத்தளத்தில் உட்கார்ந்தோம். பீஷான் - அங் மோ கியோ பூங்காவின் நாய்த் திடலில் ஞாயிறு காலைச் சந்திப்பு மழை நாட்களில் மட்டும் நின்றது. நாய் உரிமத்தைப் புதுப்பிக்காதவர்கள் தயவுசெய்து புதுப்பியுங்கள். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாததற்கு 90 வெள்ளி. நாயைக் கருத்தடை செய்யாமல் அழகுப் போட்டிக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு 90 வெள்ளிக் கணக்கு நன்றாகத் தெரியும். மற்ற வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இனி அக்கா. பெயர் போட வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். போடாவிட்டாலும் நம் சங்கத்தில் அக்கா என்றால் ஒருவர்தான். மண்டாய் தகனச்சாலையில் நம் உறுப்பினர்கள் கறுப்புக் கால்சட்டையில் நாய்முடியோடு வந்து நின்றதைப் பார்த்து, அக்காவின் மகள் அழுகையின் நடுவே சிரித்துவிட்டாள். மருத்துவமனைக்குக் கொண்டுபோன கைப்பையிலும் ஒரு பிளாஸ்டிக் உறையில் காய்ந்த ஈரல் துண்டுகள் இருந்ததாம். ரிங்கில், அதாவது போட்டிக் களத்தில், நாயின் பார்வை கலையாமல் இருக்க வேகவைத்து உலர்த்தி வைத்திருப்பாரே, அதே ஈரல்.

நான் அவரிடம் மாட்டிக்கொண்ட கதை பாதிப் பேருக்குத் தெரியும். முதல் போட்டிக்கு முன்னால் மினியேச்சர் ஷ்னாவ்சர் இனத்து என் நாயை முடி வெட்ட ஒரு கடையில் விட்டேன். போட்டி நாய் என்று சொல்லியும் மெஷின் போட்டு மழித்துக் கொடுத்துவிட்டார்கள். அக்கா முதுகு முடியை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். "தம்பி, இது இட்லி மாதிரி இருக்கு. முறுக்கு மாதிரி இருக்கணும்" என்றார். ஷ்னாவ்சரின் மேல்முடி கம்பிபோல் முரடாக இருக்க வேண்டும். மெஷின் போட்டால் செத்த முடி வேரோடு போகாமல் அங்கேயே நிற்கும். நாளாக ஆக முடி மெத்தென்று ஆகி நிறமும் வெளுத்துவிடும்.

அப்புறம் சனிக்கிழமைதோறும் அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் எனக்குப் பாடம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாலைந்து முடியைப் பிடித்து, அது வளர்கிற திசையிலேயே இழுக்க வேண்டும். கொத்தமல்லிக் கட்டில் பழுத்த இலையைப் பொறுக்குகிற மாதிரிதான். முற்றியது கையோடு வந்துவிடும். வராததை இழுத்தால் என் கையில் அடி விழும். நாய் பாட்டுக்குத் தூங்கும். புது முடி ஏறி ரிங்குக்கு ஆக இரண்டு மூன்று மாதம் பிடித்தது.

இவ்வளவு பாடுபட்டும் என் நாய் ரிங்கில் என்ன செய்தது? மேசைமேல் நிறுத்தி நடுவர் பல்லைப் பார்க்கும்வரை ஒழுங்காக இருந்தது. நடத்திக் காட்டச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டது. கடைசி இடம். பக்கத்து நாய் அப்படியொன்றும் உசத்தி இல்லையே என்று நான் புலம்பினேன். "பக்கத்து நாயை ஏன் பாக்கற? நடுவர் அவங்கவங்க இனத்துக்கு எழுதி வெச்சதோட ஒப்பிட்டுத்தான் பாக்கறார்" என்றார் அக்கா. அதோடு விடாமல், நாய்க்கு வகுத்த இலக்கணத்தில் என் உடல்வாகு தேறுமா என்றும் கேட்டார். அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

ராஜபாளையத்து நாயை இங்கே ஒருமுறையாவது ரிங்கில் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. 2005-இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட ராஜபாளையம் தபால்தலையைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். ஆனால் சர்வதேச நாய்க் கூட்டமைப்பின் பட்டியலில் அந்த இனம் இல்லை. அது தவிர, சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநோய் கிடையாது என்பதால், இந்தியாவிலிருந்து வரும் நாயைத் தனிமையில் வைத்துத்தான் உள்ளே விடுவார்கள். அத்தனை உயரமான நாயை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வளர்க்கவும் விதி இடம் தராது. இதெல்லாம் அவருக்குத் தெரியாததல்ல. பெருமை பேசுகிறவர்களை மட்டும் விடமாட்டார். சுத்த வெள்ளை வேண்டும் என்று உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்துத்தான் காது கேட்காத குட்டிகள் பிறக்கின்றன என்பார். பரிசு வாங்கிய இனங்களைப் பற்றியும் இதே பேச்சுத்தான். அவரோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போனேன் என்று சொல்லமாட்டேன். இதில் மறுபேச்சு இல்லை.

செயலாளராக இன்னொன்றையும் பதிவுசெய்ய வேண்டும். அக்கா ஒரு வருடம்கூடச் சந்தாவை நேரத்துக்குக் கட்டியதில்லை.

அவருடைய நாய் மிளகுக்கு வீடு தேடியதுதான் இந்த ஆண்டில் நாம் செய்த பெரிய வேலை. வீவக வீட்டில் ஒரு நாய்தான் அனுமதி. நம்மில் பெரும்பாலோர் வீட்டில் அந்த ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. மகளுக்கும் அதே நிலைமை. கடைசியில், தன் நாய் போனபிறகு இனி எனக்கு வேண்டவே வேண்டாம் என்று சொல்லியிருந்த ஈசூன் வட்டாரத்து ஐயா, ஒரு வாரம் மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்று கூட்டிப்போனார். அடுத்த வாரம் உரிமத்தை எப்படி மாற்றுவது என்று என்னிடம் போன் போட்டுக் கேட்டார்.

அக்காவின் பெட்டியைக் குடும்பத்தார் சங்கத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். மீன்பிடிக்கிறவர்கள் தூண்டில் சாமான் வைத்திருக்கும் பச்சைப் பிளாஸ்டிக் பெட்டி. சீப்பு மூன்று, முடி பறிக்கும் கத்தி ஒன்று, சாக்பீஸ், ரிங்கில் பிடிக்கும் மெல்லிய வார் இரண்டு. வேண்டியவர்கள் என்னிடம் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம். அடித்தட்டில் 'தம்பி - சந்தா' என்று எழுதிய உறை இருந்தது. போன வருடச் சந்தா, இரண்டு வெள்ளி குறைவாக. பொருளாளர் அதை வரவில் வைத்துவிட்டு, இரண்டு வெள்ளியை நிலுவையில் காட்டியிருக்கிறார். தள்ளுபடி செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்