அந்தப் படத்தில் இருப்பது கட்டுமரம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். மிளகுத்தண்ணீர், சுருட்டு, கறி என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், கட்டுமரத்துக்கு வந்ததும் அவசரப்பட்டுவிட்டார். கட்டுமரம் என்ற சொல்லிலிருந்து ஆங்கிலத்தில் வந்த கேட்டமரான் என்னும் இரட்டைப் படகைக் கண்டுபிடித்தவர்கள் தமிழர்கள் என்று ஒரு வரி. அதில் ஏறித்தான் சோழர் படை கடல் கடந்தது என்று இன்னொரு வரி. பக்கத்திலே வண்ணப்படம்: வெள்ளை வெளேரென்று இரண்டு மூக்கு நீட்டிய உல்லாசப் படகு.

நான் பாம்பன் தெற்குவாடிக்காரி. அப்பா கட்டுமரத்தில் பாட்டுக்கு, அதாவது மீன்பிடிக்க, போனவர். நாங்கள் நாலு பிள்ளைகள் சாப்பிட்டது அந்த மரம் கொண்டுவந்த மீனில். அந்தப் படத்தில் இருப்பது கட்டுமரம் இல்லை என்று சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது.

கட்டுமரத்துக்கு உள்பக்கம் என்று ஒன்று கிடையாது. கனமில்லாத மரமாகப் பார்த்து, மூன்றோ ஐந்தோ தடிகளைச் செதுக்கி, பக்கம் பக்கமாகச் சேர்த்து, முன்னும் பின்னும் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் அதுதான் கலம். ஆணி கிடையாது. அலை மேலே ஏறினால் தண்ணீர் தடிகளின் இடுக்கு வழியே தானாக இறங்கிவிடும். இறைத்து ஊற்ற வேண்டியதில்லை. கவிழ்ந்தாலும் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துத் தடிகளை மணலில் ஏற்றிக் காயவைக்க வேண்டும். ஊறிப்போனால் மிதப்புக் குறையும். "மரம் தண்ணி குடிச்சிருக்கு, ரெண்டு நாளு கெடக்கட்டும்" என்பார் அப்பா. விடியலில் கலமாகப் போனது மத்தியானம் வெறும் தடிகளாகக் கிடக்கும். மறுபடி கட்டினால் மறுபடி கலம். பெயரிலேயே அந்த வேலை இருக்கிறது.

ஆங்கிலேயர்கள் முதலில் இதைச் சரியாகத்தான் எழுதினார்கள். கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையில் ஒன்றிரண்டு தடிகளின் மேல் ஒற்றை ஆள் போவதையும், அவன் கால்கள் எப்போதும் தண்ணீரிலேயே இருப்பதையும் சொல்கிறார். துறைமுகம் கட்டாத காலத்துச் சென்னையில் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தள்ளி நிற்கும். ஓலைத் தொப்பிக்குள் கடிதத்தைச் செருகி, பேரலையைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் கட்டுமரக்காரர்கள்.

அப்புறம்தான் சொல் திசைமாறியது. 1804இல் பிரான்சின் பூலோன் துறையில் நெப்போலியன் படகுகளைத் திரட்டி வைத்திருந்தபோது, அவற்றைத் தகர்க்க அமெரிக்கரான ராபர்ட் ஃபுல்டன் வெடிமருந்து அடைத்த மிதவைப் பெட்டிகளைச் செய்துகொடுத்தார். ஆங்கிலேயர் அந்தப் பெட்டிகளைக் கேட்டமரான் என்றார்கள். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சண்டைக்காரப் பெண்ணைத் திட்டுவதற்கும் இதே சொல். சொல்லின் தொடக்கத்தில் பூனையைக் குறிக்கும் 'கேட்' என்ற அவர்கள் சொல் இருப்பது காரணமாக இருக்கலாம் என்பார்கள். எதுவானாலும், அப்பாவின் பிழைப்பின் பெயர் எங்கோ ஒரு பெண்ணை ஏசும் வசவாகிக் கிடந்தது என்று படித்த அன்று எனக்கு மனசு ஆறவில்லை.

இன்றைய பொருள் நிலைத்தது 1876இல். அமெரிக்கப் படகுக் கலைஞர் நத்தானியல் ஹெரஷாஃப், ஒடுக்கமான இரண்டு படகுகளை இணைத்து 'அமரில்லிஸ்' என்று ஒன்றைக் கட்டி நியூயார்க் பந்தயத்தில் விட்டார். மற்ற படகுகளை எல்லாம் அது பின்னால் தள்ளியது. தோற்றவர்கள் அந்த வகைப் படகுக்கே தடை கேட்டார்கள். அடுத்த ஆண்டு அவர் காப்புரிமையும் வாங்கினார். அதன் பிறகு கேட்டமரான் என்றாலே இரட்டைப் படகு.

ஆனால் அந்தப் படகு இந்தச் சொல்லோடு பிறந்தது இல்லை. 1662இல் வில்லியம் பெட்டி என்ற ஆங்கிலேய அறிஞர் அயர்லாந்தில் இரட்டைக் கப்பல் கட்டினார். அதைக் கேட்டமரான் என்று சொல்லவில்லை. அதற்கும் பல நூற்றாண்டு முன்பே இரண்டு தோணிகளை இடைவெளி விட்டு இணைத்துப் பசிபிக் பெருங்கடலையே கடந்தவர்கள் பாலினேசியத் தீவுக்காரர்கள். அவர்களும் நம்மைப்போலக் கடற்கரை மக்கள்தான். அவர்கள் உழைப்பை நம் கணக்கில் எழுதிக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை. சோழர் கதையும் அப்படியே. படையையும் தானியத்தையும் ஏற்றிக்கொண்டு மாதக்கணக்கில் போவதற்கு மரக்கலங்கள் வேண்டும். கட்டுமரம் அன்றன்றைய பாட்டுக்குப் போய்வருவது. அதில் என்ன குறை?

இன்னொன்று சொல்ல வேண்டும், இதைத் தெரிந்துகொண்டபோது நான் அசந்துபோனேன். இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை பரப்பிய மிதவைக்கு மலையாளக் கரையில் சங்காடம் என்று பெயர். போர்த்துக்கீசியர் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போனார்கள். பிரேசில் கடற்கரையில் மீனவர்கள் தடிகளைச் சேர்த்துச் செய்த கலத்துக்கு, நம் கட்டுமரம் மாதிரியே இருப்பதற்கு, அது 'ஜங்கடா' என்று பெயராகிவிட்டது. கட்டுமரம் என்ற சொல்லோ மேற்கே போய் இரட்டைப் படகுக்குப் பெயரானது. இரண்டு சொற்களும் கடல் தாண்டியபோது பொருளை மாற்றிக்கொண்டுவிட்டன!

மூன்று படகுகளை இணைத்தால் ட்ரைமரான் என்கிறார்கள். 'கேட்டா' என்றால் இரண்டு என்பதுபோல எண்ணிக்கொண்டு, அதை எடுத்துவிட்டு மூன்றைப் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் மிஞ்சிய 'மரான்' ஒரு கலத்தைக் குறிக்கிறது. அவர்கள் அறியாமல் செய்ததுதான், ஆனாலும் எங்கள் பேச்சுக்கு ஒத்துவருகிறது. அப்பா ஒருநாளும் கட்டுமரம் என்று முழுசாகச் சொன்னதில்லை. "மரத்த எறக்கு", "மரம் வந்துருச்சா" என்பதுதான் வழக்கம். கீழக்கரை மரக்காயர்களின் பெயரையும் மரக்கலத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். மரம் என்றாலே கலம்தான் இந்தக் கரையில்.

அந்தச் சொல் இப்போது நம்மிடமே திரும்பி வந்து நம் பொருளை அழிக்கிறது. அதுதான் என்னை எழுத வைத்தது. என் பேத்தியின் பள்ளியில் கொடுத்த படத்தாளிலும் கட்டுமரம் என்று போட்டு உல்லாசப் படகுதான் இருந்தது. "அம்மாச்சி, உங்க அப்பா அவ்வளவு பெரிய பணக்காரரா?" என்று கேட்டாள். முழங்கால் வரை உப்புத்தண்ணீரில் ஊறிப் புண்ணான அப்பாவின் கால்களை நான் அவளுக்கு எப்படிக் காட்டுவேன்?

எங்கள் பக்கம் வள்ளமும் வத்தையும் உண்டு, விசைப்படகு உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரை முழுக்க பைபர் படகுகள் நிவாரணமாக வந்தன. கட்டுமரம் வேகமாகக் குறைந்தது. படகு வாங்க முடியாத ஏழைகள் தெர்மாகோல் அட்டைகளைச் சேர்த்துக் கட்டி, அதன் மேல் உட்கார்ந்து கரையோரமாகப் போய்வருகிறார்கள். அவர்கள் கால்களும் தண்ணீரில்தான் தொங்குகின்றன. கட்டுமரத்தின் வாரிசு யார் என்று என்னைக் கேட்டால் அந்த மிதவையைத்தான் காட்டுவேன்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். அடுத்த இதழில் உண்மையான கட்டுமரத்தின் படம் ஒன்று போடுங்கள், தடிகளும் கட்டும் தெரிகிற மாதிரி. இன்னொன்று, உங்கள் நிருபர் ஒருவரை இங்கே அனுப்புங்கள். எந்தத் தடி நடுவில், எது ஓரத்தில், அணியம் என்கிற முன்பக்கம் எப்படித் தூக்கி நிற்க வேண்டும், எந்த மரம் எத்தனை வருஷம் உழைக்கும் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிச்சம். அவர்கள் சொல்கிற சொற்களில் பாதி எனக்கே மறந்துவிட்டது. ஆடிக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும். அது அடங்கிய பிறகு வரச் சொல்லுங்கள். அப்பாவோடு மரம் வலித்த ஒருவர் இங்கே இருக்கிறார். கண் மங்கிவிட்டது, ஆனால் கயிற்றைக் கையில் கொடுத்தால் கட்டிக் காட்டுவார்.

இப்படிக்கு,
கட்டுமரக்காரர் மகள்,
பாம்பன்.