மீதி இரண்டை என்ன செய்வது?

ஐயா,

நான்காம் வகுப்பு படிக்கும் என் பேத்தி, கணக்கை முழுதாகப் படிக்கவே மாட்டாள். "தாத்தா, பெருக்கலா வகுத்தலா, அதை மட்டும் சொல்லுங்க" என்பாள். அவளைக் குறை சொல்லி என்ன பயன்? பயிற்சி நூலில் எல்லாக் கணக்கும் ஈவு இவ்வளவு, மீதி இவ்வளவு என்பதோடு முடிந்துவிடுகிறது.

14-ஐ 4-ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 2. சரி, அப்புறம்? காசிமேட்டில் நான்கு வீட்டார் சேர்ந்து 14 கிலோ சங்கரா மீன் எடுத்தால் வீட்டுக்கு மூன்றரை கிலோ. மீதியும் தராசில் ஏறிப் பங்காகிவிடும். எம்.சி. ரோட்டில் எடுத்த 14 மீட்டர் துணியில், சுடிதாருக்கு 4 மீட்டர் வீதம் மூன்றுதான் தேறும். 2 மீட்டர் துண்டு நிற்கும். நான்கு பேர் ஏறும் டாக்சியில் 14 பிள்ளைகளை அனுப்பவோ 4 வண்டி வேண்டும். மூன்று என்று எழுதிவிட்டு, இரண்டு பிள்ளைகளைத் தங்கசாலை மணிக்கூண்டு பக்கம் நிறுத்திவிட்டா போவது?

மீன் கணக்கில் நான்கு என்பது பங்காளிகள். துணிக் கணக்கில் அது ஒரு துண்டின் நீளம். பங்கு போடுவது வேறு, எத்தனை துண்டு தேறும் என்று பார்ப்பது வேறு. குறி மட்டும் ஒன்றே.

அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் செய்துபார்த்துக் கற்க இடம் இருக்கிறது. மற்ற பள்ளிகளும், குறைந்தது விடையை முழு வாக்கியமாக எழுதச் சொல்லலாம். வெறும் '3, மீதி 2' என்றால் பாதி மதிப்பெண் போதும்.

- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை