முந்திரித் தோப்பிலிருந்து ஏற்றிப்போன அம்மா பிழைத்துக்கொண்டார்

அன்புள்ள 108 ஆம்புலன்ஸை ஓட்டிய பைலட் அண்ணனுக்கும், கூடவே வந்து முதலுதவி செய்த இ.எம்.டி. தங்கச்சிக்கும்,

போன சித்திரையில் ஒரு சாயங்காலம், காடாம்புலியூர் பக்கத்துத் தோப்பிலிருந்து பாம்பு கடித்த ஒரு அம்மாவை ஏற்றிக்கொண்டு போனீர்களே, அவருடைய மகன் எழுதுகிறேன். பண்ருட்டியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அன்றைக்கு உங்களைப் பார்த்துக் கத்தியவனும் நான்தான்.

அம்மா பிழைத்துக்கொண்டார். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை வாசலில் அவரை ஒப்படைத்து, தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வண்டிக்குள் மருந்து தெளித்துத் துடைத்துக்கொண்டு இருக்கும்போதே உங்களுக்கு அடுத்த அழைப்பு வந்துவிட்டது. அப்புறம் என்ன ஆனது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நேரில் சொல்லலாம் என்று இரண்டு தடவை தேடி வந்தேன். முதல் தடவை வண்டியே இல்லை. இரண்டாம் தடவை வேறு இருவர் டியூட்டியில் இருந்தார்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன். உங்கள் கண்ணிலும் படட்டும்.

முதலில் அந்தக் கத்தல். "ஒரு மணி நேரமா எங்கய்யா போனீங்க?" என்று கேட்டேன். ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து போனைப் பார்த்தேன். நான் 108-க்கு அடித்தது 4.47. "வந்துட்டோம், கோயில் கிட்ட நிக்கிறோம்" என்று அண்ணன் அழைத்தது 5.09. இருபத்திரண்டு நிமிடம். அதிலும் கொஞ்சத்தை நானே தின்றிருக்கிறேன். முந்திரித் தோப்புக்குக் கதவு எண்ணா இருக்கிறது? சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் போனை எடுத்த பெண் "பக்கத்துல அடையாளம் என்ன சார்?" என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் "மரம்தாங்க இருக்கு" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுப் பையன்தான் போனைப் பிடுங்கி அய்யனார் கோயிலைச் சொல்லிவிட்டு, பைக்கில் போய் ரோட்டில் நின்றான். அந்தப் பெண்ணுக்கும் அவனுக்கும் என் நன்றி.

இன்னொன்றும் வராண்டாவில்தான் நினைவுக்கு வந்தது. தங்கச்சி, நீங்கள் இறங்கி வந்தபோதே உங்கள் சட்டைக் கையில் ரத்தம் இருந்தது. அம்மாவுக்கு அப்போது ரத்தமே வரவில்லை. எங்கேயோ ஒரு கேஸை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு நேராக எங்களிடம் வந்திருக்கிறீர்கள். முகத்தில் அது தெரியவில்லை. நான் கத்தியதற்கும் நீங்கள் பதில் சொல்லவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

எங்கள் மாமா புடவைக் கிழிசலால் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டியிருந்தார். தப்பு என்று யாரோ சொன்னதும் நான் அவிழ்க்கப் போனேன். "கை வைக்காதீங்க அண்ணே. கட்டுனது தப்புதான், ஆனா இப்ப சட்டுனு அவுத்தா இன்னும் ஆபத்து. டாக்டர் முன்னாடிதான் அவுக்கணும்" என்றீர்கள். மாமா அடித்த பாம்பைச் சிமெண்ட் சாக்கில் போட்டு வண்டியில் ஏற்றப் பார்த்தார். "செத்த பாம்பும் கொத்தும். போட்டோ எடுத்துக்குங்க, போதும்" என்று அதையும் இறக்க வைத்தீர்கள். கண்ணாடி விரியன். காலை ஆடாமல் அட்டை வைத்துக் கட்டினீர்கள். அவ்வளவுதான், வேறு வித்தை எதுவும் காட்டவில்லை. எங்கள் ஊரில் இன்றைக்கும் பிளேடால் கீறச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வழியெல்லாம் அம்மாவிடம் பேசிக்கொண்டே வந்தீர்கள். கொட்டை கிலோ என்ன விலை, தோப்பு சொந்தமா குத்தகையா, நடுவில் நடுவில் "மேல பாருங்கம்மா, நாக்கை நீட்டுங்கம்மா". பிள்ளை கேலி பண்ணுகிறாள் என்று அம்மா நினைத்தாராம். விஷம் நரம்பைப் பிடித்தால் இமை விழும், நாக்கு குழறும், அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தீர்கள் என்று கடலூரில் நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. வெறுங்காலோடு தோப்புக்குப் போனதற்குத் திட்டினீர்களே, அதை மட்டும் அம்மா சரியாகப் புரிந்துகொண்டார்.

பண்ருட்டி அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி 20 நிமிடம் வைத்தார்கள். சாய்த்துப் பார்த்தால் உறையவே இல்லை, தண்ணீர் மாதிரி ஓடியது. விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏற்றி, கடலூருக்கு எழுதிக் கொடுத்தார்கள். மறுபடியும் நீங்களே வந்தீர்கள். நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நின்றன. அந்தப் பாரத்தை வைத்துக்கொண்டு மண்ணில் சக்கரத்தை இறக்கி வழிவிட்டார்களே, அந்த டிரைவர்களை வாழ்நாளுக்கும் மறக்க மாட்டேன்.

அந்த மருந்து செய்ய வேண்டிய விஷத்தை உயிரோடு பாம்பு பிடித்து எடுத்துத் தருகிறவர்கள் இருளர் பழங்குடி மக்கள் என்பதும் இதற்கப்புறம்தான் எனக்குத் தெரியும். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர்களுக்கும் எங்கள் வீட்டுக் கும்பிடு.

மூன்றாம் நாள் அம்மாவுக்கு மூத்திரம் குறைந்தது. சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது என்று புதுச்சேரி ஜிப்மருக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு வேறு வண்டி, வேறு இருவர். அவர்களுக்கும் இதே நன்றி. அரியாங்குப்பம் தாண்டி மரப்பாலம் வரைக்கும் நெரிசல். ஒதுங்கியவர்கள் நிறையப் பேர். ஆனால் ஒரு வெள்ளைக் கார் எங்கள் சைரனுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஓசியில் வழி வாங்கி வந்தது. பைலட் கண்ணாடியில் பார்த்து, "தினமும் இப்படி ஒண்ணு வரும் சார், நான் பிரேக் அடிச்சா அவன் உள்ளே வந்துடுவான்" என்றார். ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டால் 2019 சட்டத் திருத்தப்படி 10,000 ரூபாய் அபராதம். பின்னால் ஒட்டி வருகிறவனுக்கு என்ன போடுவது என்று யாராவது யோசிக்க வேண்டும்.

ஜிப்மரில் நான்கு முறை டயாலிசிஸ். பத்தொன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

உங்களைத் தேடி வந்த அன்று ஒரு பலாப்பழம் கொண்டு வந்திருந்தேன். பண்ருட்டிக்காரன் வேறென்ன கொண்டு வருவான். டியூட்டியில் இருந்த இருவரும் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளந்தார்கள். காலை எட்டு மணிக்கு ஏறினால் ராத்திரி எட்டு மணி, அதுவும் கடைசி அழைப்பு ஏழே முக்காலுக்கு வராமல் இருந்தால் என்று ஒருவர் சொன்னார். சாப்பாட்டை எப்போது திறந்தாலும் போன் அடிக்கும் என்று மற்றவர் சிரித்தார். நாலு சுளை எடுத்திருப்பார்கள். போன் அடித்தது. பைலட் பால் ஒட்டிய கையை பேண்டில் துடைத்துக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பாதிப் பழத்தோடு நான் அங்கேயே நின்றேன். வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். உங்களுக்கு வந்து சேர்ந்ததா தெரியவில்லை.

கடலூரில் இறங்கும்போது அம்மா மடியிலிருந்து இருநூறு ரூபாயை எடுத்து உங்கள் கையில் திணிக்கப் பார்த்தார், நீங்கள் வாங்கவில்லை. அந்த மயக்கத்திலும் அது அவருக்கு நினைவிருக்கிறது. இந்தக் கடிதத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு, இப்ப ஷூ போட்டுக்கிட்டுதான் கொட்டை பொறுக்கப் போறேன்னு" என்றார். போடுவது என் பையனுடைய பழைய ஸ்கூல் ஷூ. ஒரு சைஸ் பெரிது, முன்னால் துணி அடைத்திருக்கிறார்.